சாய்த்துப் பார்ப்பவர்

தோசையைக்கூட வெளிச்சத்துக்குத் தூக்கி, சற்றே சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் தனசேகர் வாயில் வைப்பார். "கைப்பழக்கம். நாளைக்குச் சுடுகாட்டுல கட்டையச் சாய்ச்சிப் பாத்துட்டுதான் படுப்பேன்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார்.

வரதய்யபாளையம் அருகே அடையாள அட்டை அச்சிடும் ஆலை ஒன்றில் அவருக்குச் சோதிக்கும் வேலை. அட்டையைச் சாய்த்தால் பச்சை மை நீலமாக வேண்டும். கட்டைவிரல் நகத்தால் தடவினால், லேசர் சுட்ட பெயர் மேடாக நெருட வேண்டும். வெறும் கோடாகத் தெரிவது லென்ஸின் கீழ் பொடி எழுத்துகளாகப் பிரிய வேண்டும். பெரிய படத்துக்குப் பக்கத்தில் அதன் நிழல்போல மங்கலாக ஒரு சின்னப் படம் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் "அசல்" என்று முணுமுணுப்பார். முகம் யாருடையது, பெயர் பொருந்துகிறதா என்பதெல்லாம் பக்கத்து மேசைக்காரர் பாடு.

கல்யாணப் பத்திரிகை வந்தால் பொன்னெழுத்தைச் சுரண்டிப் பார்ப்பார். மாப்பிள்ளை பெயரைக் கேட்டால் விழிப்பார். "நான் மையத்தான் பாத்தேன். பேர யார் பாத்தாங்க?"

மனைவி தேவசேனாவும் மகள் ஹரிதாவும் ஒரே ஸ்கூட்டியில் ஓட்டக் கற்றவர்கள். இருவரின் லைசென்ஸும் ஒரே வாரத்தில் புத்தூர் வீட்டுக்கு வந்து டிவி மேல் குடியேறின. போன ஞாயிறு ஹரிதாவுக்குத் திருப்பதியில் வங்கித் தேர்வு. வயது வரம்புப்படி அவளுக்கு அதுவே கடைசி வாய்ப்பு. அவள் தலை வாரிக்கொண்டிருக்க, லைசென்ஸை எடுத்தவர் தனசேகர். சாய்த்தார், தடவினார், லென்ஸ் வைத்தார். "அசல்" என்று சொல்லி, ஹால் டிக்கெட் இருந்த உறையில் போட்டுக் கொடுத்தார்.

திருப்பதியிலிருந்து போன் வந்தது.

"நைனா, உள்ள வுட மாட்றாங்க. நீ வச்சி அனுப்சது அம்மா லைசென்ஸு."

"நல்லாப் பாத்துதாம்மா வச்சேன்."

"மூஞ்சியப் பாத்தியா?"

அவர் டிவி பக்கம் திரும்பினார். அதற்குள் தேவசேனா சரியான அட்டையை எடுத்து இடுப்பில் செருகி, ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள். "ஏறுய்யா. வழியில எதையும் சாய்ச்சிப் பாத்துக்கினு நிக்காத."

"உன் லைசென்ஸு அங்க கீதே. போலீசு புடிச்சா?"

"என் ஊட்டுக்காரரு அசலுன்னு சொல்லிட்டாருன்னு சொல்றேன்."

வண்டியின் பின்னால் தனசேகர் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். "ஊரு உலகத்துல கள்ள அட்டையப் புடிக்கிறவன், ஊட்டுல பொண்டாட்டியத் தெரியாதவன்."

தேர்வு மையத்தின் இரும்புக் கேட்டைப் பாதி இழுத்திருந்தார் காவலாளி. ஹரிதா அட்டையை வாங்கி நீட்டினாள். அவர் சாய்க்கவில்லை, தடவவில்லை. அட்டையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "தொந்தரகா ரா அம்மா" என்று தெலுங்கில் அவசரப்படுத்தி அவளை உள்ளே விட்டு, கேட்டை மூடினார். மூடுவதற்கு முன் ஹரிதா, அம்மாவின் லைசென்ஸை அப்பா கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

தனசேகரின் கை தானாக வெளிச்சத்துக்கு உயர்ந்தது. மற்றொரு கை சட்டைப்பையில் லென்ஸைத் தேடியது.

"இன்னா, அசலா?" என்றாள் தேவசேனா, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே.

அவர் லென்ஸை உள்ளேயே விட்டார். அட்டையை நேராகப் பிடித்து அதைப் பார்த்தார். காற்றில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்த அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.