காகத்துக்கு வைத்த சோற்றுக்குக் கரடி வந்தது

போன வருடம் மாசி மாதம் என் அத்தான், அக்காவின் கணவர், காலமானார். வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றவர் அப்படியே விழுந்தார். அம்புலன்ஸ் வந்தது. பிரயோசனம் இல்லை.

அவரோடு அக்காவின் பேச்சும் போனது. அதுதான் எங்களுக்கு வந்த பெரிய துன்பம்.

என் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். அவர் பேசினால் எதிர்வீட்டுக்காரர் பதில் சொல்வார். அஜக்ஸ் நகரில் மகள் ஆரணியோடு இருக்கிறார். நான் ஸ்காபரோவில் தனிய இருக்கிறேன். பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசுக்கு ட்ரக் ஓடுகிறேன். எனக்குப் பேச்சு குறைவு. சின்னனிலிருந்தே எனக்கும் சேர்த்து அக்காதான் பேசுவார். நான் "ஓம்" என்றால் போதும். அவர் நிறுத்தினதும் எங்கள் குடும்பத்தில் பேச ஆள் இல்லை.

அழுதிருந்தால் பயமில்லை. அவர் அழவும் இல்லை. செத்தவீட்டில் நெருங்கினவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு அறைக்குள் போனார். "சாப்பிடுறீங்களோ?" என்றால் "வேண்டாம்." "கோயிலுக்குப் போவமோ?" என்றால் தலையாட்டல். டொக்டர் குளிசை கொடுத்தார். குளிசையைப் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். சட்டை தோளில் தொங்கத் தொடங்கியது.

ஆவணியில் ஒரு நாள் ஆரணி எனக்குப் போன் எடுத்தாள். பேங்கில் வேலை செய்கிற பிள்ளை. எதற்கும் கலங்காதவள்.

"மாமா, எனக்குப் பயமாயிருக்கு. அம்மா இருக்கிறா, பட் ஷி இஸ் நொட் ஹியர். நீங்கள் ஏதாவது செய்யுங்கோ, ப்ளீஸ்."

எனக்கு என்ன செய்யத் தெரியும்? கோயிலுக்குப் போனேன்.

எங்கள் கோயில் உங்களுக்குத் தெரியும். டயர் கடைக்கும் கேக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பிள்ளையாருக்கு முன்னால் எப்பவும் சனம். அம்மனுக்கு முன்னாலும் சனம். சனீஸ்வரனுக்கு முன்னால் மட்டும் இடம் இருந்தது. எல்லாரும் அவருக்குப் பயம். எள்ளெண்ணெய்ச் சட்டியை எரித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போய்விடுவார்கள். நான் நேரே பார்த்தேன். "அக்கா கதைக்கவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. நீட்டிச் சொல்ல எனக்கு வராது.

ஐயர் கண்டுவிட்டார். கேட்டார். சொன்னேன்.

"புரட்டாதிச் சனி வருகுது. விரதம் பிடியுங்கோ. காகத்துக்குச் சோறு வைச்சிட்டுச் சாப்பிடுங்கோ. காகம் எடுத்தால் சனீஸ்வரன் எடுத்த மாதிரி."

விரதம் பிடித்தேன். முதற்சனி அபார்ட்மெண்ட் பல்கனியில் சோறு வைத்தேன். புறா வந்தது. அடுத்த சனியும் வைத்தேன். அணில் வந்தது. பிறகு கட்டடம் பார்க்கிற சூப்பரிண்டென்ட் வந்தார். இனி வைத்தால் நோட்டீஸ் தருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். காகம் மட்டும் வரவில்லை. அது எதிர்ப் பிளாசாவில் பொரித்த உருளைக்கிழங்கு தின்றுகொண்டு நின்றது. நான் கண்ணால் கண்டேன்.

எனக்கு மனம் விட்டுப்போனது. சனீஸ்வரனும் கைவிட்டார் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் பிக்கரிங்கில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணை தன் ஆர்வீயை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஆர்வீ என்றால் படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாம் உள்ள வண்டி. சில்லுப் பூட்டின வீடு. "இலை பழுக்கிற நேரம். உன்ரை அக்காவைக் கூட்டிக்கொண்டு வடக்கை போய் வா" என்றார். ஆரணியும் பிடித்துக்கொண்டாள். எனக்கு வேறொரு நினைப்பும் இருந்தது. வடக்கே காடு. காட்டில் காகம் கட்டாயம் நிற்கும்.

அக்காவைக் கேட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்தேன்.

புறப்படும்போது சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். பின்சில்லு இரட்டை என்பது அப்போதுதான் தெரிந்தது. பழம் போதவில்லை. ஆரணி சமையலறைக்குள் ஓடிப்போய் பச்சை லைம் கொண்டுவந்தாள். "இது வேர்க் பண்ணுமா, மாமா?" என்று கேட்டாள். "பண்ணும்" என்றேன். தேங்காய் உடைத்தேன். புறப்பட்டோம்.

பேசாத இரண்டு பேர் ஒரு வண்டிக்குள் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சட்பரி தாண்டினதும் மரம் எல்லாம் சிவப்பு. மஞ்சள். இடையில் ஏரி. நான் அப்படி ஒரு நிறத்தைக் கண்டதில்லை. எத்தனை வருடம் இந்த நாட்டில் ட்ரக் ஓடியும் 401 நெடுஞ்சாலையைத்தான் கண்டேன்.

"அக்கா, பாருங்கோ. மரம்."

"ம்."

கொஞ்சத் தூரம் போய்,

"சிவப்பு."

"ம்."

பிறகு ஒரு மலை வந்தது. "மலை" என்றேன். அதற்கு "ம்" கூட இல்லை.

சுப்பீரியர் ஏரிப் பக்கம், காட்டுக்குள் ஒரு முகாம் இடத்தில் வெள்ளி பின்னேரம் வண்டியை நிற்பாட்டினேன். அந்த ஏரியைக் கடல் என்றுதான் சொல்லவேண்டும். அலை அடிக்கிறது. பச்சை உடுப்புப் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து ஏதோ விளக்கம் சொன்னார். அவர்தான் அங்கே வனக்காவல் அதிகாரி. நான் "ஓகே, ஓகே" என்றேன். சாப்பாடு வெளியில் வைக்கக்கூடாது என்பது விளங்கியது. பலகையில் கரடிப் படமும் போட்டிருந்தார்கள். நான் வைக்கப்போவது சாப்பாடு இல்லை, படையல். அது என் கணக்கு.

சனி காலை முழுகினேன். சமைத்தேன். கடுகு வெடித்ததும் வண்டிக்குள் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. எனக்கு எங்கே நிற்பாட்டுவது என்று தெரியவில்லை. அக்கா எழும்பி வந்தார். கூரை யன்னலைத் திறந்துவிட்டார். திரும்பிப் போய்ப் படுத்தார்.

சோறு, பருப்பு, கத்தரிக்காய், அப்பளம், உளுந்து வடை. நெய் விட்டேன். எள்ளுத் தூவினேன். ஸ்காபரோவிலிருந்து கொண்டுவந்த வாழையிலையில் வைத்து, வெளியே இருந்த மர மேசையில் படைத்தேன். கொஞ்சம் விலகி நின்று கூப்பிட்டேன்.

"கா. கா. கா."

பக்கத்து முகாமில் ஒரு வயதான வெள்ளைக்காரச் சோடி கோப்பி குடித்துக்கொண்டு இருந்தது. அவர்கள் கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. பெரிய அண்டங்காகம் ஒன்று வந்து மரத்தில் இருந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டேன்.

செட்டை அடிக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். காகம் போய்விட்டது. பக்கத்து முகாமில் ஆட்களும் இல்லை. காருக்குள் இருந்து கண்ணாடி வழியாகக் கையைக் காட்டினார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் கரடி நின்றது.

கறுப்புக் கரடி. என் நெஞ்சளவு உயரம். மேசையில் முன்காலைப் போட்டு வடையைத் தின்றது. வண்டிக் கதவு அதற்குப் பின்னால். எனக்குப் பின்னால் ஏரி. வடை முடிந்ததும் அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. மேசையைச் சுற்றி என் பக்கம் வரத் தொடங்கியது.

அந்த நேரம் என் உயிரைப் பற்றி நினைவு வரவில்லை. அக்கா சத்தம் கேட்டு வெளியே வந்துவிடுவார் என்ற பயம்தான். "சனீஸ்வரா, அக்காவை வெளியிலை விடாதை" என்று கேட்டேன்.

அந்தப் பிரார்த்தனையை அவர் கேட்கவில்லை.

கதவு திறந்தது. அக்கா படியில் நின்றார். ஒரு கையில் பருப்புச் சட்டி. மற்றக் கையில் அகப்பை. டாங் டாங் என்று அடித்தார். வாயைத் திறந்தார்.

"அடே, நில்லடா அங்கை. ஆரின்ரை சோறெண்டு தின்னுறாய்? காகத்துக்கு வைச்சதடா அது. போ அங்காலை. போறியோ, இல்லை நான் இறங்கி வரட்டோ?"

கரடி நின்றது.

"உன்னைத்தான். என்ன பார்வை? உவன் விசரன் கூப்பிட்டால் நீயும் வாறதோ? வெக்கமில்லை? தம்பி, உதிலை மரம் மாதிரி நிக்காதை. பக்கமாய் மெல்ல மெல்ல இஞ்சாலை வா. ஓடாதை. ஓடினியோ, கரடிக்கு முதல் நான் அடிப்பன்."

நான் பக்கமாய் மெல்ல மெல்லப் போனேன். அக்கா நிறுத்தவே இல்லை. கரடியின் தாயைப் பற்றி, வளர்ப்பைப் பற்றி, தின்ற வாயைப் பற்றி எல்லாம் சொன்னார். எழுத முடியாதவை சில. கரடி காதை மடித்துக்கொண்டு கேட்டது. பிறகு அப்பளத்தைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போனது. ஓடவில்லை. திட்டு வாங்கின ஆள் போகிற மாதிரிப் போனது.

அக்கா என்னைப் பிடித்து உள்ளே இழுத்தார். கதவைப் பூட்டினார். அகப்பையால் என் முதுகில் ஒன்று போட்டார். நொந்தது. அதன் பிறகு அழுதார். மாசியில் அழவேண்டிய அழுகை முழுவதையும் அங்கே அழுதார்.

"அவரும் வாசலுக்குத்தான் போனவர். நான் யன்னலாலை பாத்துக்கொண்டு நிண்டனான். விழுந்ததைக் கண்டனான். எனக்குச் சத்தம் வரேல்லையடா. கத்தியிருந்தால் ஆரும் ஓடி வந்திருப்பினம். சத்தம் வரேல்லை. இப்ப நீயும் வெளியிலை நிக்கிறாய்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்கா வேணுமென்று பேசாமல் இருக்கவில்லை. அவரால் பேச முடியாமல் இருந்தது.

"டொக்டர் சொன்னவர் அக்கா. விழ முந்தியே உயிர் போயிட்டுதாம். கத்தினாலும் ஒண்டும் நடந்திராது" என்றேன்.

"உதை நீ முந்தியே சொல்லியிருக்கலாம்."

"நீங்கள் கேக்கேல்லை."

என்னைப் பார்த்தார். மூக்கைத் துடைத்தார். சட்டியில் மிஞ்சின பருப்பை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பில்லை. உதுதான் கரடி அதைத் தொடேல்லை."

சிரித்தார். நானும் சிரித்தேன். கதவில் யாரோ தட்டும் வரை சிரித்தோம்.

பச்சை உடுப்புப் பெண்தான். பக்கத்து முகாம்காரர் சொல்லிவிட்டார்கள். கோபம். வந்தது நியாயம். ஒருமுறை மனிதர் சாப்பாட்டைக் கண்ட கரடி திரும்பத் திரும்ப வருமாம். கடைசியில் அதைச் சுடவேண்டி வருமாம். அதை அறிந்தபோது எனக்குத் தலை குனிந்தது. அக்கா என்னைப் பேச விடவில்லை. முன்னுக்குப் போய்த் தன் இங்கிலீசில் தொடங்கினார்.

"மை பிரதர். குட் மேன். நோ பிரெய்ன். ஹி கோல் க்ரோ, பெயார் கம்மிங்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மேசையைக் கழுவச் சொன்னார். எச்சரித்துவிட்டுப் போனார். அக்கா அவரைத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். அவர் கையில் சீனி போட்ட தேத்தண்ணியோடுதான் போனார்.

பிறகு அக்கா உப்புப் போட்டுச் சமைத்தார். எல்லாம் உள்ளுக்குள். தட்டு நிறையச் சாப்பிட்டார். அத்தான் இருந்திருந்தால் கரடியை வீடியோ எடுக்கப் போய்க் கடி வாங்கியிருப்பார் என்றார். மாசிக்குப் பிறகு அத்தானைப் பற்றி அவர் சொன்ன முதற்கதை அது.

ஞாயிறு முழுக்க ஏரியை ஒட்டி வண்டி ஓடினோம். எல்லா மரத்துக்கும் அக்காவிடம் கதை இருந்தது. இது அம்மன் சேலை நிறமாம். அது எங்கள் சின்னையா பூசின மதில் நிறமாம். வீடு வந்து சேரும் வரை ரேடியோ போடத் தேவை வரவில்லை. ஆரணி கதவைத் திறந்தாள். அக்கா வாசலிலேயே தொடங்கினார். "உன்ரை மாமா செய்த வேலையைக் கேள்." பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றபடியே அழுதாள்.

இது நடந்து ஒரு வருடம் வருகிறது. அக்கா இப்பவும் சில நாளில் அறைக்குள்ளேயே இருப்பார். குளிசையும் போடுகிறார், டொக்டரிடமும் போகிறார். ஆனால் பேசுகிறார். அழவேண்டி வந்தால் அழுகிறார். எனக்கும் ஒரு மாற்றம். நானும் இப்போது ஆளைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்லப் பழகுகிறேன். சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கண்டேன்.

சனீஸ்வரனுக்குப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அவரை நிமிர்ந்து பாருங்கள். கேளுங்கள். நாலு சொல் போதும். நீங்கள் நினைத்த வழியால் அவர் வரமாட்டார். வந்த வழியைப் பார்த்தால் பயமாகவும் இருக்கும். ஆனால் கேட்டதைத் தந்துவிட்டுப் போவார். காட்டில் மட்டும் வெளியே சோறு வைக்காதீர்கள். அந்தக் கரடி பிறகு அந்தப் பக்கம் வரவில்லை என்று அந்த முகாமில் விசாரித்தபோது சொன்னார்கள். அதற்கும் தனியாக நன்றி சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி அடைபட்டுப் போயிருந்தால் சனி காலை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எண்ணெய்ச் சட்டி நான் எடுத்துத் தருவேன். அக்காவும் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் இருத்திவிடுங்கள். அவர்கள் பேசத் தேவையில்லை. அக்கா பார்த்துக்கொள்வார்.