ஆடிச்சுற்றும் மருமகன் வாட்ச்சும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச போனே எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் அதைத் திட்டுங்கள்.

சர்க்கரை கூடிவிட்டது, நான் போகிற ஜிம்மிலேயே சேருங்கள் என்று ஒரு மாதமாக மருமகன் நச்சரிப்பு.

"இன்னைக்கு ஆடிச்சுத்து போறேன். கோயில நூத்தியெட்டுத் தடவ சுத்திட்டா என்னைய விட்டுரணும் மாப்ள" என்றேன்.

அவரும் கூடவே வந்தார், நடையை எண்ணுகிற வாட்ச்சோடு.

தொண்ணூறைத் தாண்டும்போது வாட்ச் அணைந்துவிட்டது.

"எத்தன சுத்து ஆச்சு மாமா?"

"எனக்குத் தொண்ணூத்தி ரெண்டு. உங்களுக்கு எழுபத்தெட்டு."

"ஒங்க கூடத்தான வாரேன்?"

"பானகம் குடிக்க நின்னது மூணு சுத்து. செல்பிக்கு ரெண்டு. தூணுல சாஞ்சு போன் பேசுனது ஒம்பது. மேனேஜர என்ன சொல்லி வஞ்சீங்கன்னும் சொல்லவா?"

"வேண்டாம் மாமா" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். மீதிச் சுற்றை முடித்துவிட்டு வந்து நான்தான் அவரை எழுப்பினேன்.

ஜிம் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள். மருமகன் நாளைக்கு வரமாட்டார். என் கட்டிலில் காலுக்குத் தைலம் போட்டுக் கிடக்கிறார்.

அவருக்குப் பதிலாக என்னைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.