கதோட்டுக்குள் மாதா மெடல்

வளைகுடாவில் அலுமினியம் உருக்கும் ஆலையொன்றில் நானும் என் மனைவியின் தம்பியும் அலுமினியம் உருகுகிற தொட்டிக்கு அடி போடுகிற வேலை செய்தோம். அடி முழுக்கக் கரிக்கட்டி. அதைத்தான் கதோட்டு என்பார்கள். கட்டிகளுக்கு நடுவில் கரிப்பசையை இடித்து இறுக்கவேணும். அந்த இடுக்கில் சின்ன ஓட்டை இருந்தாலும் போதும். உருகின அலுமினியம் அதால் இறங்கி, கீழே கிடக்கிற இரும்புச் சட்டத்தைக் கரைத்துப் பீறிட்டுப் பாயும். என் இடது கால் அப்படித்தான் வெந்தது. சப்பாத்தோடு தோலும் கழன்று வந்தது. கர்த்தர் உயிரை விட்டுவைத்தார்.

நான் ஊருக்கு, மன்னாருக்குத் திரும்பி வந்த பிறகு, அந்த மச்சானும் லீவில் வந்தான். ஞாயிறு பூசை முடிந்து, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"அத்தான், உங்களுக்கு உயிர் தப்பிக் காலோட மட்டும் போனது ஆராலை தெரியுமோ? மாதாவாலை. அந்தத் தொட்டி இடுக்குக்குள்ள நான் மாதா மெடல் வைச்சுத்தான் இடிச்சனான்."

சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். "பசைக்குள்ளயோ?"

"ஓம். இப்பவும் லீவில வர முந்தி மூண்டு தொட்டி முடிச்சனாங்கள். ஒண்டுக்குள்ள வைச்சிருக்கிறன். நாளைக்குச் சூடேத்துறாங்கள்."

மெடல் உருகினால் அந்த இடம் ஓட்டை. என் கால் வெந்ததும் அதால்தான். தொட்டியைச் சுற்றி நிற்கப்போகிறவர்கள் என் கண்ணுக்குள் வந்தார்கள். ஆலை மேற்பார்வையாளருக்கு ஃபோன் அடித்து விசயத்தைச் சொன்னேன்.

"எந்தத் தொட்டியடா?" என்று மச்சானைக் கேட்டேன்.

"சொன்னா என்ர விசாவை வெட்டிப்போடுவாங்கள்!"

ஃபோனைப் பறிக்கப் பாய்ந்தான். வாயில் குத்தினேன். அவன் என் வெந்த காலில் உதைத்தான். கண் இருண்டது. நான் இருந்த கதிரையைத் தூக்கி அவன் தோளில் அடித்தேன், கதிரை முறிந்தது. "இஞ்சருங்கோ, கொல்லாதேங்கோ!" என்று மனைவி சேர்ட்டைப் பிடித்திழுத்தாள், அது கிழிந்தது. நான் அவன் நெஞ்சில் ஏறிக் கழுத்தைப் பிடித்தேன்.

"நீங்களும் ஒரு வேதக்காரனோ? மாதாவை நம்பாத ஆள்!"

"நம்புறனடா. அவவை ஓட்டை அடைக்க ஆர் கூப்பிட்டது?"

கீழே விழுந்த ஃபோனில் மேற்பார்வையாளர் கத்திக்கொண்டிருந்தார். மச்சான் இரத்தத்தைத் துப்பினான்.

"மெடலைக் குப்பையில எறியமாட்டினம் எண்டு சொல்லச் சொல்லுங்கோ."

மேற்பார்வையாளரிடம் அதையும் கேட்டேன். தன் மேசையில் வைப்பதாக அவர் சொன்னார். அதுக்குப் பிறகுதான் தொட்டியையும் இடுக்கையும் மச்சான் சொன்னான். கழுத்திலிருந்து கையை எடுத்தேன்.

தொட்டியைக் கிண்டி மெடலை எடுத்தார்கள். அவனுக்கு விசா போய்விட்டது. முன்பல்லும் ஒன்று போய்விட்டது. கோயிலில் இப்போது மற்றப் பக்கத்து வாங்கில் இருக்கிறான். அவனுக்காகவும் செபிக்கிறேன். ஆனால் அவன் முகத்தைக் கண்டால் இன்னும் கை எழும்புகிறது.