மருந்துக்கும் குளவிக்கும் நடுவே

போன வாரம் நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நானுஓயா தாண்டியதும் ரோட்டோரத்து லீக்ஸ் காய்கறித் தோட்டத்தில் ஒருவர் முதுகில் டேங்க்கை மாட்டிக்கொண்டு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். காற்று எங்கள் பக்கம். வாடை உள்ளே வந்ததுதான் தாமதம் — என் கை தானாகவே ஜன்னலை இழுத்து மூடியது. அதோடு நின்றதா? முன் சீட்டில் தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடப் போய்விட்டேன்! அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"என்னங்கம்மா?"

பஸ்ஸில் அதை எப்படி விளக்குவது? உங்களிடம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நான் பிள்ளைக் காம்பரா ஆயம்மா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் இடுப்பில் எந்நேரமும் யாராவது ஒரு பிள்ளை இருக்கும்! காம்பராவின் பின்சுவரை ஒட்டியே எட்டாம் நம்பர் மலை ஏறும். ஜன்னலைத் திறந்தால் தேயிலைச் செடி கைக்கெட்டும்.

அந்த வெயில் காலத்தில் எட்டாம் நம்பரில் சுருட்டுப்புழு விழுந்தது. சின்னப் பச்சைப் புழு. இலையோடு இலையை நூல் விட்டு ஒட்டி, நடுவில் சுகமாக உட்கார்ந்து தின்னும். தோட்டத்தை நடத்தும் துரை மருந்து அடிக்கச் சொன்னார். அடித்தார்கள். பாதியில் காற்று திரும்பிவிட்டது.

பிள்ளைகள் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதார்கள். ராஜேஸ்வரியின் மகள் கலா மட்டும் அழவில்லை. அதுதான் எனக்குப் பயம். ஏற்கெனவே இளைப்பு உள்ள பிள்ளை. நெஞ்சு குழிந்து குழிந்து ஏறியது, உதடு கறுத்தது. தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். செருப்பு எங்கே விழுந்தது என்று இன்று வரை தெரியாது. பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் அன்றிலிருந்து காற்று ஜன்னலைத் தட்டினாலே ஓடிப்போய்க் கொக்கியைப் போடுவேன்.

சரி, புழுவாவது ஒழிந்ததா? கொஞ்ச நாள் காணோம். பிறகு வந்தது பாருங்கள்... முன்னே வந்ததைவிட மோசமாக! மலையே தீய்ந்தது போல் சிவந்துவிட்டது.

வேலை பிரித்துக் கொடுக்கும் காலைப் பெரட்டில் எல்லோரும் கூடி நிற்கும்போது துரை அறிவித்தார் — திரும்ப மருந்து, இந்த முறை இன்னும் கடுமையாக. நான் பெரட்டுக்குப் போக வேண்டியவளே இல்லை. அன்று போனேன்.

"தொரைங்க... காம்பரா பக்கம் வேணாங்க. பிள்ளைங்க தாங்காதுங்க."

துரை சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் வாயைத் திறக்கும் முன் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யார் குரல் என்கிறீர்கள்? ராஜேஸ்வரி!

"மேரியக்கா, நீங்க பேசாம இருங்க! மலை கருகிப் போச்சுன்னா வேலை ஏது? அரைப் பேருதான் போடுவாங்க. எம் பிள்ளைக்குக் கஞ்சி நீங்களா ஊத்துவீங்க?"

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. அவள் சொன்னதில் என்ன தப்பு? மருந்து அடித்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், அடிக்காவிட்டால் பிள்ளைக்கு வயிறு காயும். இரண்டுமே ஒரே பிள்ளை.

அப்போது எங்கள் கண்டாக்கு அருள்தாஸ் ஐயா — மலை வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தர் — தொண்டையைச் செருமினார். ஆராய்ச்சிக்காரர் ஒருவரை வரச்சொல்லியிருப்பதாகவும், அவர் பார்க்கும் வரை பொறுக்கலாமா என்றும் கேட்டார். துரைக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

வந்தவர் ஒல்லியான மனிதர். சுருண்ட இலைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இந்தப் புழுவைக் கொல்ல ஒரு குளவி இருக்கு. நீங்க அடிச்ச மருந்தில் அதுதான் முதல்ல செத்திருக்கு."

குளவி! அந்தச் சொல்லைக் கேட்டதும் பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு ஓடாத குறை. குளவி கொட்டி ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய மலைகள் எங்கள் மலைகள். "எங்களையும் கொல்லப் பாக்குறாரா?" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஐயோ, கொட்டாதும்மா! கொசு மாதிரிதான் இருக்கும்" என்று அவர் சிரித்துவிட்டார். அந்தக் குளவி புழுவின் உடம்புக்குள் முட்டையிடுமாம். குஞ்சுகள் உள்ளிருந்தே புழுவைத் தின்றுவிடுமாம். இலைக்குள் ஒளிந்திருக்கும் புழுவை அது எப்படிக் கண்டுபிடிக்கும்? வாசத்தில்!

"நம்ம மூக்குக்குத் தெரியாது. புழு தின்ன இடத்து வாசம் அதுக்குத் தெரியும்" என்றார்.

கடிபட்ட செடியே ஒரு வாசத்தை அவிழ்த்துவிட்டுக் குளவியைக் கூப்பிடுவதும் உண்டு என்று பல வருஷம் கழித்து எங்கோ படித்தேன். அன்று அதெல்லாம் தெரியாது. ஜன்னலோரம் கடிபட்ட இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தேன். பச்சை வாடை. அவ்வளவுதான். இதை நம்பியா பிள்ளைகளையும் மலையையும் விடுவது?

ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மலைக்கு மருந்து போகவில்லை. அங்கிருந்து அந்தக் குளவிக் குஞ்சுகளின் சின்னக் கூடுகள் ஒட்டிய இலைகளைப் பறித்துவந்து எட்டாம் நம்பரில் அங்கங்கே வைத்தார்கள். அடுத்த சுற்றுக் கொழுந்து பறிக்கும் வரை பொறுப்பதாகத் துரை சொன்னார். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது.

அந்த நாட்கள் இருக்கிறதே... ராஜேஸ்வரி கலாவை என்னிடம் விடுவதை நிறுத்திவிட்டாள். வரிசை வீடுகளான லயத்தில் படுத்த படுக்கையாக இருந்த மாமியார் பக்கத்தில் போட்டுவிட்டுப் போனாள். வழியில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மலையோ இன்னும் சிவந்தது. அருள்தாஸ் ஐயா தினமும் வந்து ஜன்னலோரம் நின்று பார்ப்பார்.

"வந்துருக்காங்களா ஐயா?" — குளவிக்குக்கூட மரியாதை கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்!

"தெரியலை ஆயம்மா" என்பார். அவர் வேலைக்கும் உத்தரவாதம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த சுற்று வந்தது. டேங்க்குகளோடு ஆட்கள் காம்பராவின் பின்னால் வரிசையாக நின்றார்கள். ஜன்னல் இடுக்கில் எல்லாம் ஈரச் சாக்கை அடைத்துவிட்டுப் பிள்ளைகளை முன்வாசலில் சேர்த்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. அவர்களைத் துணை ஆயாவிடம் விட்டுவிட்டு மேலே ஏறினேன்.

துரை ஒரு சுருண்ட இலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே புழு இல்லை. வதங்கிய தோல் மட்டும். அதன் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் குளவியின் கூட்டுப்புழுக்கள், கொத்தாக. அடுத்த இலை — உயிருள்ள புழு. அதற்கடுத்தது — கொத்து. அதற்கடுத்ததும் கொத்து! துரை செடி செடியாகப் போய்ப் பிரித்தார். ராஜேஸ்வரியும் கூடையோடு நின்று, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹரி" என்றார் துரை கடைசியில் — சிங்களத்தில் 'சரி'. "டேங்க்கைக் கொண்டு போங்க. இன்னொரு சுற்று பார்ப்போம்."

நான் கீழே ஓடிப்போய் ஜன்னல் இடுக்கிலிருந்த ஈரச் சாக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

ஒரே நாளில் மலை பச்சையாகிவிடவில்லை. அந்த மாதம் பல பேருக்கு அரைப் பேர்தான் விழுந்தது. ராஜேஸ்வரிக்கும்தான். புழு குறைந்து, புதுத் துளிர் வர நாளெடுத்தது. கலாவின் இளைப்பும் முழுசாகப் போகவில்லை. பனி விழும் காலையில் அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கும் போகவில்லை.

ஆனால் ஒரு காலை ராஜேஸ்வரி வந்தாள். கலாவை என் இடுப்பில் ஏற்றிவிட்டு, "கஞ்சி குடிக்கலைக்கா, கொஞ்சம் பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டு மலைக்கு நடந்தாள். அவ்வளவுதான். மன்னிப்பா? சமாதானமா? எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

குளவிக்கு யாரும் நன்றி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை — அது எங்களைக் காப்பாற்றவா வந்தது? தன் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தேடி வந்த இன்னொரு தாய், அவ்வளவே!