ராஜமாணிக்கம் அண்ணனும் அவருடைய பேசும் கம்ப்யூட்டரும்

ராஜமாணிக்கம் அண்ணன் இன்று விடியற்காலை இறந்துவிட்டார். மணலூர்பேட்டையில், அவர் வீட்டில். மாரடைப்பு...

வெள்ளிமலையில் டவர் கிடைத்ததும் முதலில் வந்த மெசேஜ் அதுதான்.

தியாகதுருகம் கவர்மென்ட் ஆபீசில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து டேபிள். அவர் டைப்பிஸ்ட். பிறவியிலேயே இரண்டு கண்ணும் தெரியாது.

அவர் கம்ப்யூட்டர் பேசும். ஸ்கிரீனில் இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டும் சாஃப்ட்வேர் ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கிப் போட்டிருந்தார். காதில் ஹெட்போன், கீபோர்டில் பத்து விரல். தப்பு தேட வேண்டிய வேலையே எங்களுக்கு வந்ததில்லை.

ஒருநாள் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டார். யாரோ மூச்சு விடாமல் சண்டை போடுவதுபோல் இருந்தது, ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

"இன்னாண்ணே இது, இவ்ளோ வேகம்?"

"ஒன்னோட டிரான்ஸ்பர் ஆர்டரப் படிக்குதும்மா" என்றார். பதறிப்போய் ஸ்கிரீனைப் பார்த்தால் தீபாவளி லீவு சர்க்குலர்! அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அந்த அப்கிரேடு வந்தது. பழைய கம்ப்யூட்டருக்கெல்லாம் இனி சப்போர்ட் கிடையாதாம், மொத்தத்தையும் மாற்றவேண்டுமாம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் அண்ணன் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். வேறு கீபோர்டு. ஆன் செய்தார்... சத்தமே இல்லை.

"சார், என் கம்ப்யூட்டர் எங்க சார்?"

"பழசெல்லாம் இனி ஒதவாதுன்னு கண்டம் பண்ணி குடோன்ல போட்டாச்சு ராஜமாணிக்கம். இது புதுசு, நல்லா ஸ்பீடு" என்றார் மேனேஜர்.

சாஃப்ட்வேர் கம்பெனிக்கு அண்ணன் போன் போட்டார். நானும் பக்கத்தில் இருந்தேன். பழைய வெர்ஷன் புது மெஷினில் ஓடாது, அப்கிரேடு செய்துகொள்ளுங்கள் என்றது ஒரு பெண் குரல்.

"அது தமிழ் பேசுமாம்மா?"

"இப்போதைக்கு இல்ல சார்."

"அப்ப அத வாங்கி நான் இன்னாம்மா பண்றது?"

லைன் கட்டாகிவிட்டது.

அதற்கப்புறம் அவருக்கு வேலையே தரவில்லை. அவருடைய ஃபைல் எல்லாம் என் டேபிளுக்கு வந்தது. அண்ணன் மட்டும் சரியான நேரத்துக்கு வந்து, வெறும் டேபிள்மேல் கையை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "சம்பளம்தான் வருதே, ஏன் கஷ்டப்படறீங்க? நெழல்ல உக்காருங்க" என்றார்.

"சும்மா உக்காரவா சார் பரீட்ச எழுதி வந்தேன்?"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்குப் போவது என்று முடிவு செய்தார். கள்ளக்குறிச்சிக்கு என் ஸ்கூட்டியிலேயே கூட்டிப் போனேன். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. பாதி வழியில் மறியல். பஸ், லாரி எல்லாம் வரிசையாக நின்றன.

"திரும்பிடலாம்ணே. அடுத்த வாரம் வரலாம்."

"வண்டிதானம்மா போவாது? கால் போவுமில்ல?"

ஸ்கூட்டியை ஒரு டீக்கடை ஓரம் விட்டுவிட்டு இறங்கி நடந்தோம். கொடியோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் தடுத்தார்கள். "கலெக்டர் ஆபீசுக்கு இன்னிக்கு யாரையும் வுட மாட்டோம்ணே. எங்க எடம் கெடைக்கற வரைக்கும் எழுந்திரிக்கறதா இல்ல."

அண்ணன் நின்றார். "எடம் எனக்குக் குடுத்தாங்கப்பா. ஊனமுற்றோர் கோட்டால நாற்காலி போட்டு உக்காரவும் வெச்சாங்க. இப்ப நாற்காலிய வுட்டுட்டு வேலய மட்டும் புடுங்கிக்கினாங்க. அதத்தான் கேக்கப் போறேன்."

பெரிய மீசைக்காரர் ஒருவர் எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். "வழி வுடுங்கப்பா... காலப் பாத்து வைங்கண்ணே, கல்லு கெடக்குது." கூட்டத்தைத் தாண்டும்வரை கூடவே வந்தார்.

நல்ல வெயில். என் தோளில் கை வைத்தபடி கள்ளக்குறிச்சி வரை நடந்தார்.

மனு வாங்கிய அதிகாரி படித்துவிட்டு, "இது உங்க ஆபீஸ்லயே முடிக்க வேண்டிய விஷயமாச்சே" என்றார்.

"முடியலன்னுதாங்க நடந்து வந்தேன்."

சில வாரம் கழித்து ஆர்டர் வந்தது. தமிழ் பேசுகிற மாற்று ஏற்பாடு ஆகும்வரை பழைய மெஷினையே அவருக்குத் தரவேண்டும் என்று. குடோனில் தேடி எடுத்து வந்தோம். ஒயரை எலி கடித்திருந்தது. உள்ளே ஒரு கூடை மண். முதலில் ஆன் ஆகவே இல்லை. சர்வீஸ்காரர், "இது செத்துப்போச்சு சார், வுட்டுடுங்க" என்றார்.

"இன்னொருவாட்டி தொடச்சிப் போடுங்க" என்றார் அண்ணன். சர்வீஸ்காரரும் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். அப்போதும் ஆகவில்லை. "இன்னொருவாட்டி."

அப்புறம் திடீரென்று அந்தச் சண்டைக் குரல்! ஹெட்போன் மாட்டாததால் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. மேனேஜர் முதல் பியூன் வரை கை தட்டினோம். அண்ணன் கை தட்டவில்லை. "சுமதி, என் ஃபைல எடும்மா" என்றார்.

இன்டர்நெட் கனெக்‌ஷன் மட்டும், பழைய மெஷின் என்று சொல்லி, கொடுக்கவில்லை. அவர் டைப் செய்ததை நான் பென்டிரைவில் மாற்றிக்கொள்வேன். எனக்கு வெள்ளிமலைக்கு டிரான்ஸ்பர் வரும்வரை அப்படித்தான் ஓடியது.

போன வாரம் போனில் பேசினார். பழசை எல்லாம் ஒப்படைக்கச் சொல்லி மறுபடி சர்க்குலர் வந்திருக்கிறதாம். "மனு டைப் பண்ணிட்டேன்மா. அதுலயேதான் பண்ணேன்" என்றார்.

அவர் மனைவியிடம் இப்போதுதான் பேசினேன். சாயங்காலம் எடுக்கிறார்களாம். பஸ் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

நான் வராமல் எடுக்கக் கூடாது என்று அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன்.

வந்துகினே இருக்கேன்ணே...