அடுப்பு பத்தவைக்காத பச்சைக் கட்டி

1. லைன் நின்ன அன்னைக்கு

ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். காலையில ஏழே முக்கால் இருக்கும். டேப்பிங் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு இருந்தவ அப்படியே போர்டு மேல சாஞ்சிட்டேன்.

காருக்குள்ள ஓடுற ஒயரையெல்லாம் ஒண்ணாக் கட்டி டேப் சுத்துறது எங்க வேலை. ஒயரிங் ஹார்னஸ்னு சொல்வாங்க. போர்டு கன்வேயர்ல நகர்ந்துக்கிட்டே இருக்கும், நாமளும் கூடவே நடந்துக்கிட்டே சுத்தணும். ஒருத்தி விழுந்தா மொத்த லைனும் நிக்கும். லைன் நின்னா மேல சிவப்பு லைட் எரிஞ்சு ஒரு பாட்டு பாடும். கண்ணைத் தொறந்தப்ப அந்தப் பாட்டுதான் காதுல விழுந்துச்சு. மானம் போச்சு.

இது ரெண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்குல, ஓசூர்ல. என் பேரு மாதம்மா. ஊரு உத்தனப்பள்ளி. எங்க வீட்டுல எல்லாரும் அடுத்தவங்க தோட்டத்துல கூலிக்குப் போனவங்க. கம்பெனி யூனிஃபார்ம் போட்ட மொத ஆள் நான்தான். அதனால அந்த வேலை எனக்கு வெறும் வேலை இல்ல.

நான் விழுந்தது அது ரெண்டாவது தடவை. எச்.ஆர். ஆபீசர் ரவிச்சந்திரன் சார் கூப்பிட்டு உக்கார வச்சார். திருநெல்வேலிப் பக்கத்து ஆளு, கத்த மாட்டார், மெதுவாதான் சொல்வார். "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா லைன்ல வச்சிருக்க முடியாதும்மா. மெடிக்கல் அன்ஃபிட்னு எழுதிருவேன்." அவ்ளோதான் பேச்சு. நான் ஏன் விழுந்தேன்னு அவர் கேக்கல.

ஏன்னு நான் சொல்றேன். கம்பெனி பஸ் எங்க ஊருக்கு விடிகாலை அஞ்சு மணிக்கு வந்துரும். அந்நேரத்துல சோறு எறங்குமா? எறங்காது. ஆறு மணிக்கு லைன்ல நிக்கணும். டிஃபன் ஒம்பது மணிக்கு. அதுவரைக்கும் வாட்டர் பாயிண்ட்ல தண்ணி குடிக்கலாம், வாயில வேற எதுவும் போடக்கூடாது. ராத்திரி தின்னதுதான் காலை ஒம்பது வரைக்கும் தாங்கணும். எனக்குத் தாங்கல.

2. கவர்ல எழுதியிருந்தது

ஃபர்ஸ்ட் எய்ட் ரூம்ல ஸ்டெல்லா சிஸ்டர் இருப்பாங்க. ரத்தம் கம்மியா இருக்குன்னு மாத்திரை குடுத்தாங்க. கூடவே, காலையில கொஞ்சமா ஏதாச்சும் தின்னுதான் ஆகணும், அதுல புரோட்டீன் இருக்கணும்னாங்க. அவங்க தம்பி பெங்களூர்ல இருந்து வாங்கிட்டு வந்த புரோட்டீன் பார் கவர் ஒண்ணு டேபிள்ல கிடந்துச்சு. அது மாதிரின்னு காட்டினாங்க. என்னென்ன போட்டிருக்குன்னு படிக்கச் சொன்னேன். நிலக்கடலை, பேரீச்சம்பழம், பால் பவுடர், ஓட்ஸ். ஓட்ஸ் எனக்குத் தெரியாது. மத்ததெல்லாம் சந்தையில கிடைக்கிறதுதான். அந்த மினுமினுக்கிற கவர் ஒண்ணுதான் நம்மகிட்ட இல்ல.

இன்னொரு பொருளும் என்கிட்ட இருந்துச்சு. லைன் செட் பண்ண ஜப்பான்ல இருந்து மோரி சார்னு ஒருத்தர் வந்து ஆறு மாசம் இருந்தார். தினம் பச்சைப் பசேல்னு ஒண்ணைக் கலக்கிக் குடிப்பார். அது என்ன சார்னு நான் ஒருநாள் சைகையிலயே கேட்டேன். ஊருக்குப் போறப்ப எல்லாருக்கும் பேனா குடுத்தவர் எனக்கு மட்டும் சின்ன டப்பா ஒண்ணு குடுத்துட்டுப் போனார். அதுக்குப் பேரு 'மாச்சா'ன்னு சொன்னார். தேயிலைதான், நெழல்ல வளத்து மாவா அரைச்சதுன்னு சிஸ்டர் விசாரிச்சுச் சொன்னாங்க. தூக்கத்தைக் கலைக்குமாம். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்காரிக்கு வேற என்ன வேணும்? அதையும் சேத்து அந்த பார் மாதிரி நானே பண்ணிப் பாக்கலாம்னு எறங்கினேன்.

3. நான் பண்ணின தப்பு

மாவுன்னு கையில வந்தா நமக்கு என்ன தோணும்? பச்சை வாசனை போக வறுக்கணும். வாணலியைப் போட்டேன், டப்பால பாதியைக் கொட்டினேன், உளுத்தமாவு வறுக்கிற மாதிரி வாசம் வர வரைக்கும் வறுத்தேன். வாசம் வந்துச்சு, மோரி சார் ஃபிளாஸ்க்ல வந்த வாசம் இல்ல. காஞ்ச புல்லுல தீ வச்ச வாசம். பச்சை போய்க் காபித்தூள் கணக்கா ஆயிருச்சு. நாக்குல வச்சா வேப்பங்கொட்டை தோத்துப்போகும்.

சரின்னு அடுத்த தடவை வறுக்கல. ஆனா வெல்லப்பாகு காய்ச்சி, கடலையோட கலந்த தூள் மேலயே கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன். அப்பவும் சேத்துக் கலர்தான். கடிச்சா கடலைமிட்டாயை விடக் கெட்டி. என் வீட்டுக்காரர் முனிராஜ், தளிப் பக்கம் ரோஜா கிரீன்ஹவுஸ்ல வேலை பாத்தவர், ஒரு துண்டை வாயில போட்டுட்டு, இதை வாசப்படிக்கு முட்டுக் குடுக்கலாம்னார்.

அப்புறம்தான் புத்தி வந்துச்சு. இந்தச் சாமானுக்கு ஆகாதது அடுப்புதான். சூடே காட்டக் கூடாது. அதைச் சொன்னா முனிராஜ் சிரிக்கிறார். "அடுப்பு பத்தவைக்காமப் பண்றது சாமிக்கு வைக்கிற பச்சைமாவுதான். அதைத் தின்னுட்டு நீ எட்டு மணி நேரம் நிக்கப் போறியா?" நின்னு காட்டுறேன் இருன்னேன்.

பண்ணின விதத்தைச் சொல்றேன், வேணும்னா எழுதி வச்சுக்குங்க. சந்தையில மணல்ல வறுத்த கடலை கிடைக்கும். தோலை ஊதிட்டு, எண்ணெய் விடுற வரைக்கும் மிக்சியில ஓட்டணும். கொட்டை எடுத்த பேரீச்சம்பழத்தைத் தனியா நசுக்கிக்கணும். பொட்டுக்கடலை மாவு ரெண்டு டம்ளர், பால் பவுடர் அரை டம்ளர், ஒரு பிடி எள்ளு, துளி உப்பு. பச்சைத்தூள் ரெண்டே ஸ்பூன், அதுக்கு மேல வேணாம். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கையால பிசையணும். ஒட்டலைன்னா தேன் விடலாம், தண்ணி விடக்கூடாது, கெட்டுப்போகும். டிஃபன் பாக்ஸ் மூடியில எண்ணெய் தடவி அழுத்தி, ராத்திரி சன்னல் ஓரமா மூடி வச்சா போதும். ஃப்ரிட்ஜ் எங்ககிட்ட கெடையாது, மார்கழியில எங்க ஊருக்கு அது தேவையும் கெடையாது. காலையில கத்தியால விரல் நீளத்துக்கு வெட்டி, பட்டர் பேப்பர்ல சுத்தினா ஆச்சு.

ஏழரைக்கு வாட்டர் பாயிண்ட்ல தண்ணி குடிக்கப் போற சாக்குல ஒண்ணைத் தின்னேன். ரூல்ஸ் எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தின்னேன். ஒரு மாசம், ரெண்டு மாசம், நான் விழல. நான் சுத்தினதுல சரியில்லன்னு திரும்பி வர்ற ரீஜெக்டும் கொறைஞ்சுபோச்சு.

4. கேட்டுல புடிச்ச பன்னெண்டு

பக்கத்து ஸ்டேஷன் பொண்ணுங்க சும்மா இருப்பாங்களா? என்னக்கா தின்றே, எனக்கும் குடுக்கான்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஜவளகிரியில இருந்து வர்ற பொண்ணு ஒருத்தி எனக்கும் முன்னாடியே எந்திரிச்சு வர்றவ. மனசு கேக்கல. ஒருநாள் பன்னெண்டு சுத்தி எடுத்துட்டுப் போனேன்.

கேட்டுல செக்யூரிட்டி நாகப்பா பையைத் தொறந்தார். பச்சையா, பிசுபிசுன்னு, பேப்பர்ல மடிச்சு பன்னெண்டு கட்டி. மோந்து பாத்தார், இலை வாசனை. சிவராத்திரிக்குக் கஞ்சா இலையை அரைச்சு உருட்டித் தின்பாங்களே, அந்தப் பாங்கு உருண்டைன்னு முடிவே பண்ணிட்டார். நான் தமிழ்லயும் கன்னடத்துலயும் தெலுங்கிலயும் சொன்னேன். மூணு பாஷையிலயும் அவருக்கு அது பாங்குதான். பையோட எச்.ஆர். ரூமுக்கு அனுப்பிட்டார்.

ரவிச்சந்திரன் சார் டேபிள்ல பன்னெண்டும் வரிசையா இருந்துச்சு. பக்கத்துல ஒரு மெமோ, டைப் அடிச்சு ரெடி. சந்தேகப்படும்படியான பொருளைத் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தேன், சக தொழிலாளிகளுக்குக் குடுக்க முயன்றேன், இதுக்கு நானே பொறுப்புன்னு எழுதியிருந்துச்சு. பேனாவை நீட்டினார்.

"விழுந்துக்கிட்டு இருந்த பொம்பள திடீர்னு எப்படி நிக்குதுன்னு நானும் யோசிச்சேன்"னார்.

சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவங்க வந்து, சார் இது டீத்தூள்னாங்க. டீயை யாராச்சும் தின்பாங்களான்னு அவர் கேட்டார். குடிச்சா தப்பில்ல, தின்னா தப்பான்னு நான் கேட்டேன். சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கிட்டுத் திரும்பிக்கிட்டாங்க.

"சார், கையெழுத்துப் போட மாட்டேன். நாளைக்குச் சாமானோட வர்றேன், உங்க டேபிள் மேலயே பண்றேன். கண்ணால பாருங்க."

"ஆபீஸ்ல நெருப்பு வைக்கக் கூடாதும்மா."

"நெருப்பே வேணாம் சார்."

மறுநாள் ஷிஃப்ட் முடிஞ்சு, அதே டேபிள்ல பேப்பர் விரிச்சு உக்காந்தேன். கடலை விழுதை மட்டும் வீட்டுல அரைச்சு எடுத்துட்டு வந்திருந்தேன். மொதல்ல பச்சைத்தூளை ஒரு ஸ்பூன் எடுத்து அப்படியே என் வாயில போட்டுக்கிட்டேன். தொண்டையெல்லாம் கசந்துச்சு, முகத்துல காட்டிக்கல. அப்புறம் ஒவ்வொண்ணா அளந்து கொட்டிப் பிசைஞ்சேன். பத்து நிமிஷம்கூட ஆகல. வெட்டி அவர் முன்னாடி வச்சேன்.

அவர் திங்கறதுக்கு முன்னாடி ஒரு வழி சொன்னார். நல்ல மனசோடதான் சொன்னார்னு நெனைக்கிறேன். அந்தப் பச்சையை மட்டும் விட்டுருங்க, கடலைக்கட்டியா கொண்டுவாங்க, நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துக்குறேன்னார்.

யோசிச்சுப் பாத்தா தெம்பெல்லாம் நிலக்கடலையிலயும் பொட்டுக்கடலையிலயும்தான் இருக்கு. பச்சையை விட்டா எனக்கு ஒண்ணும் கொறையாது. ஆனா விட்டேன்னா, நேத்து கொண்டுவந்தது குத்தம்னு நானே ஒத்துக்கிட்டேன்னு ஆயிரும்.

"பச்சையோடதான் சார் கொண்டுவருவேன். ஒளிச்சுத் திங்க மாட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சே, ஏழரை மணிக்கு அஞ்சு நிமிஷம் நின்னு தின்பேன். இல்லேன்னா நான் பசியில விழுந்தேன்னு எழுதி வேலையை விட்டு அனுப்புங்க. அன்ஃபிட்னு எழுதாதீங்க, பசின்னு எழுதுங்க. அதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன்."

அவர் ஒரு துண்டை எடுத்து வாயில போட்டு மென்னார். இன்னொரு துண்டையும் எடுத்தார். மெமோவை மடிச்சு டிராயர்ல வச்சார். கிழிக்கல, அதையும் நான் பாத்தேன்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டியிருந்துச்சு. ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ஏழரை மணிக்கு அஞ்சு நிமிஷம், வாட்டர் பாயிண்ட்ல சொந்தத் தீனி திங்கலாம். தொழிலாளர் நலன் கருதி நிர்வாகம் எடுத்த முடிவாம். எங்க வயித்துக்கு நிர்வாகம் கண்டுபிடிச்ச மருந்து மாதிரி எழுதியிருந்தாங்க. அதுக்குக் கீழயே நின்னு, நானும் பக்கத்து ஸ்டேஷன் பொண்ணுங்களுமா பன்னெண்டு பேரு தின்னோம். ஜப்பான் டப்பா தீந்ததுக்கு அப்புறம் முருங்கையிலையை நெழல்ல காயவச்சுப் பொடிச்சுப் போட்டேன். பச்சை நிக்கவே இல்ல.

நான் அதுக்கப்புறம் பதினோரு வருசம் அந்த லைன்ல நின்னேன். லைன் லீடராத்தான் வெளிய வந்தேன்.

இப்ப வேலைக்குப் போற பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்றேன். மயங்கி விழுந்தப்ப என் ஒடம்பைக் குத்தம் சொன்னாங்க. தின்னுட்டு நிமிர்ந்து நின்னப்ப என் தீனியைக் குத்தம் சொன்னாங்க. நாம எப்படி இருந்தாலும் ஒரு பேப்பர் டைப் அடிச்சு வரும். வந்தா படிச்சுப் பாருங்க, பண்ணாத தப்புக்குக் கையெழுத்துப் போடாதீங்க. வேலை போயிருமேன்னு பயமா இருக்கும். எனக்கும் இருந்துச்சு. அன்னைக்கு அந்த ரூம்ல என் ரெண்டு காலும் நடுங்குச்சு. நடுங்கின காலோடதான் நின்னேன்.