பெரியம்மாவின் மாப்பேணி

மிளகாய்த்தூள் பேணியைத் திறந்தால் முதலில் மூக்கில் ஏறுவது மிளகாய் இல்லை, வனிலா. கழுவி, வேப்பிலை போட்டுத் தேய்த்து, வெயிலில் கவிழ்த்து வைத்தும் பார்த்துவிட்டேன். அந்தப் பேணியின் பிளாஸ்ரிக்குக்குள் இனிப்பு ஊறிக் கிடக்கிறது, போக மறுக்கிறது. மீன்குழம்புக்குத் தூள் அள்ளும்போதெல்லாம் என் குசினிக்குள் அக்கா வந்து நிற்கிறாள், கையில் கரண்டியோடு, "குடிச்சு முடிச்சிட்டாளோ?" என்று கேட்டபடி.

அக்கா கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த சத்துமாப் பேணி. ஒன்றல்ல, ஒரு சூட்கேஸ் நிறைய. சொக்லேற் வரும், சட்டைத்துணி வரும் என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு முன்னால் அவை ஒவ்வொன்றாக எழுந்து நின்றன, கறுப்பாக, கழுத்தில்லாமல். ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு வெள்ளைக்காரன் தன் புயத்தைத் தானே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது உன்ரை மோளுக்கு," என்றாள் அக்கா. "குத்துச்சண்டைக்குப் போறாள் எண்டாய். உடம்பு வேண்டாமோ?"

என் மகள் உருத்திரபுரத்தில் இருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போய்க் குத்துச்சண்டை பழகுகிறவள். ஐம்பத்தொரு கிலோப் பிரிவு. சோறும் மீனும் சைக்கிளும் வயல் வேலையுமாக அவளுடைய உடம்பு அந்த எண்ணிலேயே, யாரும் பிடித்து வைக்காமல், தானாக நின்றது. அந்த வருடம் வவுனியாவில் மாகாணத் தெரிவுப் போட்டி. அதில் வென்றால் கொழும்பு. வேறு எதையும் அவள் எங்களிடம் கேட்டதில்லை. பெருநாளுக்குச் சட்டை கூடக் கேட்கவில்லை. கொழும்பு, கொழும்பு, அது ஒன்றுதான்.

நான் பேணியைத் திருப்பித் திருப்பி வாசித்தேன்.

"அக்கா, இது நிறை கூட்டுறதுக்கு எண்டெல்லோ எழுதியிருக்கு."

"அதுக்குத்தானேடி வாங்கினனான். வேற என்னத்துக்கு?"

"இவளுக்கு நிறை கூடக் கூடாதக்கா. ஐம்பத்தொண்டைத் தாண்டினால் சேர்க்க மாட்டினம்."

"உனக்கென்ன விசரோ? நிறை கூடக் கூடாத பிள்ளை எண்டு உலகத்தில ஒண்டு இருக்கோ?"

அக்காவுடைய தொலைபேசியில் ஒரு படம் இருக்கிறது. சண்டை முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் எடுத்தது. என் மடியில் மகள், பேசத் தொடங்காத வயது. தலை பெரிதாக, கழுத்து ஈர்க்காக, கண்கள் முகத்தை விட்டு வெளியே வரப் பார்க்கின்றன. அங்கே பனிக்குள் இருந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்த்த நாளில் இருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை என்று அத்தான் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு நாங்கள் எத்தனை படம் அனுப்பினோம். பள்ளிக்கூடச் சீருடையில், பதக்கத்தோடு, கையுறையோடு. ஒன்றும் அந்தப் படத்துக்கு மேலே ஒட்டவில்லை. அக்கா மாக் கரைத்தது என் மகளுக்கு இல்லை, அந்தப் படத்துக்கு.

கரைத்த விதத்தை என்னவென்று சொல்ல! தண்ணீரில் கலக்கச் சொல்லிப் பேணியில் இருக்கிறது. "தண்ணியில கரைச்சுக் குடுக்க நாங்கள் என்ன இல்லாத சனமோ?" என்பாள். பசும்பால், கதலி வாழைப்பழம், முட்டை, அதற்கு மேலே சீனி. காலையும் மாலையும் மகளுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருப்பாள், கடைசி மிடறு இறங்கும்வரை. வெளிநாட்டில் இருந்து வந்த கை நீட்டுவதை வேண்டாம் என்று தள்ளும் பழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. மகள் குடித்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கத்து மனிசி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, உதைக் குடிச்சால் பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தாடி முளைக்குமாமே?"

"முளைக்கட்டுமன். உன்ரை மோனுக்கு முளைக்காதது இவளுக்காவது முளைக்கட்டும்," என்றாள் அக்கா. நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கிற விசயமா அது?

பயிற்றுவிப்பாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பேணியையும் கொண்டு போனேன். அவர் கொழுப்பு அளக்கிற ஒரு இடுக்கியால் மகளின் புயத்தின் பின்பக்கத் தோலைப் பிடித்துப் பார்த்தார், பிறகு இடுப்பில்.

"நிறை கூடினதில எனக்குக் கோவமில்லை அம்மா. தசையாக் கூடியிருந்தால் நானே கை தட்டுவன். இது இடுப்பில வந்து குந்திக்கொண்டிருக்கு." பேணியின் முதுகை வாசித்தார். "முக்காவாசி சீனி. மிச்சத்துக்குள்ள என்ன கலந்திருக்கோ, ஆரும் சோதிச்சதா ஒரு அடையாளமும் இல்லை. நாளைக்குக் கொழும்பில சிறுநீரைச் சோதிச்சு ஊக்கமருந்து ஏதும் பிடிபட்டால், பெரியம்மா தந்தவா எண்டு சொல்ல ஏலுமோ?"

முட்டை, பருப்பு, மீன் காணும் என்றார். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

"மீனும் பருப்பும் தின்னச் சொல்ல ஒரு மாஸ்ரர் வேணுமோ? உவர் என்ன டொக்டரோ?"

பேணிகளை நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தேன், கண்டுபிடித்தாள். கோபித்தேன், அழுதாள். "எனக்கு இவளுக்குச் சாப்பாடு குடுக்கவும் உரிமை இல்லையோ?" என்றாள். காற்றோடு மல்லுக்கட்டலாம், வெள்ளத்தோடு மல்லுக்கட்டலாம், அன்பு கரண்டியோடு வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது? மகள்தான் என்னை அடக்கினாள். "விடுங்கோ அம்மா. பெரியம்மா போகும்வரைக்கும்தானே. நான் ஓடிக் குறைக்கிறன்."

ஓடினாள். உரப்பைக்குள் இருக்கும் பொலித்தீன் உறையை உருவி, தலைக்கும் கைக்கும் ஓட்டை வெட்டி, சட்டைக்கு உள்ளே போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வாய்க்கால் கட்டு வழியே ஓடினாள். பொலித்தீனுக்குள் வியர்வை சளசளக்கும் சத்தம் வீட்டுவாசல் வரை கேட்கும். பக்கத்திலேயே வாய்க்கால், குளத்துத் தண்ணீர் கரை தட்டிப் போகிறது, அவள் உதட்டையும் நனைக்காமல் ஓடுகிறாள். போட்டி நெருங்க நெருங்கத் தண்ணீரையும் விட்டாள். சோற்றை அளைந்துவிட்டு எழும்பினாள். அக்கா கரைத்ததை வாயில் வைத்து எடுத்து என்னிடம் தந்தாள், நான் வாழையடியில் ஊற்றினேன். அந்த வாழை குலை தள்ளியதைப் பார்க்க வேண்டும்!

ஒரு மத்தியானம் ஓடிவிட்டு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் இரண்டும் முகத்தை விட்டு வெளியே வரப் பார்த்தன. அந்தப் படம். அதே முகம். எந்த முகத்தைத் துரத்த அக்கா கடல் கடந்து பேணி பேணியாகக் காவி வந்தாளோ, அந்த முகத்தை அந்தப் பேணியே திருப்பிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தது.

அக்காவும் பார்த்தாள். "ஐயோ, பிள்ளை மெலிஞ்சு போனாள். இண்டைக்கு ரெண்டு கரண்டி கூடப் போடுறன்."

வவுனியாவுக்கு அக்காவும் வந்தாள், மடியில் சுடுதண்ணிப் போத்தலோடு. அதற்குள்ளும் மாதான், நிறை பார்த்து முடிந்ததும் கொடுக்க. மகள் நிறை பார்க்கும் மெஷினில் ஏறினாள். இறங்கினாள். வெளியே போய்க் கயிறடித்துத் துள்ளிவிட்டு வந்து திரும்ப ஏறினாள். அரைத் தேங்காயின் பாரம் கூட இருக்காது, அவ்வளவுதான் மிச்சம். அது போகவில்லை. வியர்க்க அவளிடம் தண்ணீர் இருக்கவில்லை. அடுத்த பிரிவுக்கு எங்கள் பக்கத்தில் வேறொரு பிள்ளையின் பெயர் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. நேரம் முடிந்தது என்றார்கள்.

அக்கா மெஷினடிக்குப் போய்விட்டாள். "தங்கச்சி, ஒரு பிள்ளை சாப்பிட்டதும் ஒரு குற்றமோ? இவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமோ?"

நிறை பார்த்த பெண் தலை நிமிரவில்லை. "அன்ரி, எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும்."

மகள் வெளியே படிக்கட்டில் போய் இருந்தாள். அழவில்லை. கையை நீட்டி அக்காவிடம் போத்தலை வாங்கி, மூச்சு விடாமல் முழுவதையும் குடித்தாள். "இனி என்ன பெரியம்மா," என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு. அக்கா அத்தனை நாள் காத்திருந்த காட்சி அது. ஆனால் அவள் பார்க்கவில்லை, முகத்தைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தக் கிழமையே அக்காவின் பயணம். விமான நிலையத்துக்குப் போகும் வான் படலையில் நின்றது. அக்கா மகளைக் கட்டிப்பிடித்தாள். தோளைத் தடவினாள், புயத்தைத் தடவினாள், ஒரு குத்துச்சண்டைக்காரியின் புயம் அது என்று அப்போதுதான் கைக்குத் தெரிந்ததுபோல அதில் கொஞ்சநேரம் கை நின்றது.

"என்னாலதானே," என்றாள்.

"இல்லைப் பெரியம்மா. அடுத்த வருசமும் போட்டி வரும்தானே."

விளங்கிவிட்டது, கடைசியாக அக்காவுக்கு விளங்கிவிட்டது என்று என் நெஞ்சு இளகியது. வான் நகர்ந்தது. பத்தடி போய் நின்றது. கண்ணாடி இறங்கியது. அக்காவின் தலை வெளியே வந்தது, கண்ணீரோடு, பெரிய நம்பிக்கையோடு.

"பிள்ளை, நான் விசாரிச்சனான். நிறை குறைக்கிறதுக்கும் அங்க ஒரு மா விக்குதாம். போய் இறங்கின உடனை அனுப்பிவிடுறன்."